பார்ஜ் போய் லாரி வந்த கதை

2001 மார்ச் 22 அன்று நியூயார்க் துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகு, குப்பை நிரம்பிய பார்ஜ் ஒன்றை ஸ்டேட்டன் ஐலண்டின் மேற்குக் கரைக்கு இழுத்து வந்தது. கரையில் அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களும் துப்புரவுத் துறை ஊழியர்களும் திரண்டிருந்தார்கள். குப்பைப் படகை வரவேற்க இவ்வளவு கூட்டம் கூடியதற்குக் காரணம், அது கடைசிப் படகு என்பதுதான். 1948 முதல் இயங்கிவந்த ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு அன்றோடு மூடப்பட்டது. சட்டம் கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஒன்பது மாதம் மீதி இருந்தது. அரசு வேலை ஒன்று கெடுவுக்கு முன்பே முடிவது எந்த ஊரிலும் அபூர்வம்தான்.

அன்றைய கொண்டாட்டத்தில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. கிடங்கோடு சேர்ந்து நகரத்தின் ஆற்றோரங்களில், லாரிக் குப்பையைப் பார்ஜுக்கு மாற்றிவந்த எட்டு குப்பை மாற்று நிலையங்களும் வேலையிழந்து நின்றன. குப்பைக் கிடங்கை மூடும் நகரங்கள் வழக்கமாக அதன்பிறகு மாற்று நிலையங்களைக் கட்டும். நியூயார்க்கோ கையில் இருந்த மாற்று நிலையங்களைப் பூட்டிவிட்டுக் கிடங்கை மூடியது. அவற்றில் பாதியை மீட்டெடுக்க அதற்கு மேலும் 18 ஆண்டுகள் பிடித்தன.

நியூயார்க்குக்குத் தன் குப்பையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பழக்கம் என்றுமே இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் கடலில் கொட்டினார்கள். அது அலையோடு திரும்பி வந்து பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் கடற்கரைகளில் ஒதுங்கியது. 1895இல் துப்புரவுத் துறைக்குத் தலைமையேற்ற ஜார்ஜ் வேரிங் தெருப் பணியாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார். வீடுகளில் உணவுக் கழிவு, சாம்பல், மற்ற குப்பை என்று மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும் என்றார். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நம் ஊர்களில் இரண்டு தொட்டி வைப்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய கதை இது. அவர் பதவியில் இருந்தது மூன்று ஆண்டுகள்தான். அவருக்குப் பின் வந்தவர்களிடம் அந்த உறுதி இல்லை.

நியூ ஜெர்சி தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1931இல் தீர்ப்புச் சொன்னது. 1934இல் நகரக் குப்பையைக் கடலில் கொட்டுவது நின்றது. இனி நிலத்தில்தான் கொட்டியாக வேண்டும். ஏற்கெனவே சிறைத்தீவான ரைக்கர்ஸ் ஐலண்டில் சாம்பலையும் குப்பையையும் கொட்டிக் கொட்டி, 90 ஏக்கர்கூட இல்லாத தீவை 400 ஏக்கருக்கு மேல் வளர்த்திருந்தார்கள். சதுப்பு நிலம் என்றால் பாழ் நிலம், அதைக் குப்பை போட்டு மேடாக்குவது முன்னேற்றம் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கையின் பெரும் பூசாரி ராபர்ட் மோசஸ். தேர்தலில் வென்று எந்தப் பதவிக்கும் வராமலேயே நியூயார்க்கின் பாலங்களையும் பூங்காக்களையும் நெடுஞ்சாலைகளையும் பல பத்தாண்டுகள் தீர்மானித்தவர். குயின்ஸில் மலைபோல் கிடந்த சாம்பல் மேட்டைச் சமன்செய்து 1939 உலகக் கண்காட்சியை அங்கே நடத்திக் காட்டிய பெருமையும் அவரிடம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர் கண் ஸ்டேட்டன் ஐலண்டின் ஃப்ரெஷ் கில்ஸ் மேல் விழுந்தது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைகளும் கோரைப்புல்லும் நண்டும் பறவைகளும் நிறைந்த பெரிய சதுப்பு நிலம் அது.

தீவு மக்களுக்குக் குப்பை அனுபவம் புதிதல்ல. அதே ஃப்ரெஷ் கில்ஸ் பகுதியில் 1917இல், உணவுக் கழிவை வேகவைத்துக் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றை நிறுவினார்கள். நாற்றம் தாங்காமல் ஊரே எதிர்த்தது. மறு ஆண்டே ஆலை மூடப்பட்டது. அந்தச் சூடு மறக்காத மக்களிடம் மோசஸும் மாநகராட்சியும் சொன்ன வாக்கு: மூன்றே ஆண்டுகள். அதற்குள் நகரம் எரிஉலைகளைக் கட்டிக்கொள்ளும், உங்களுக்கு மேடான நிலம் மிஞ்சும். 1948இல் கொட்ட ஆரம்பித்தார்கள். 1951இல் மூன்றாண்டு முடிந்தபோது மோசஸும் மற்ற அதிகாரிகளும் வெளியிட்ட அறிக்கை, பூங்கா, நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, குடியிருப்பு என்று அதே நிலத்துக்குப் பெரிய கனவை விரித்தது. மூடுவதைப் பற்றிய பேச்சு மறைந்தது. 1955 வாக்கில் உலகிலேயே பெரிய குப்பைக் கிடங்கு என்ற பெயர் ஃப்ரெஷ் கில்ஸுக்கு வந்துவிட்டது.

அங்கே குப்பை போய்ச் சேர்ந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த சிக்கல் அத்தனைக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

மாற்று நிலையங்கள் நின்ற இடங்கள்: மன்ஹாட்டனின் மேற்கே 59ஆம் தெரு, 135ஆம் தெரு. கிழக்கே 91ஆம் தெரு. புரூக்ளினில் மூன்று இடம், குயின்ஸிலும் பிராங்க்ஸிலும் ஒவ்வொன்று. எல்லாமே நீர்க்கரையில் தூண்கள்மேல் நின்ற பெரிய கொட்டகைகள். தெருவிலிருந்து ஒரு சாய்தளம் மேலே ஏறும். நிரம்பிய குப்பை லாரி அதில் ஏறி, உள்ளே திரும்பி, பின்புறமாக விளிம்புவரை வந்து நிற்கும். கீழே தண்ணீரில் பார்ஜ் திறந்த வாயோடு கட்டிக் கிடக்கும். லாரியின் பின்கதவு திறந்ததும் குப்பை நேராகப் பார்ஜுக்குள் விழும். சில நிமிடங்களில் லாரி அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடும். ஒரு பார்ஜில் சுமார் 650 டன். எத்தனையோ லாரிகளின் சுமை அது. நிரம்பியதும் இழுவைப் படகு அதைத் துறைமுகத்தின் குறுக்கே இழுத்துப் போகும். குப்பைப் போக்குவரத்தில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு அமைவது அரிது. தெருவில் வசிப்பவருக்கு அது நடப்பதே தெரியாது.

மறுமுனையில் கிரேன்கள் காத்திருக்கும். நண்டுக் கொடுக்குபோல் திறந்து மூடும் வாளியால் குப்பையை அள்ளி, சங்கிலிச் சக்கரம் பூட்டிய பெரிய வண்டிகளில் போடும். டிராக்டர்கள் அவற்றை மேட்டின் உச்சிக்கு இழுத்துப் போகும். அங்கே கொட்டி, புல்டோசரால் பரப்பி, நசுக்கி, மேலே மண் போடுவார்கள். வானம் கொள்ளாமல் கடற்காகங்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறை: திறந்த பார்ஜில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் குப்பையை இறக்குவதற்கான இடமும் கருவியும் ஃப்ரெஷ் கில்ஸில் மட்டுமே இருந்தன. வேறு எந்தத் துறையும் அந்தப் பார்ஜைக் கட்டவிடாது.

அது எவ்வளவு உண்மை என்று 1987இல் நாடே பார்த்தது. லாங் ஐலண்டின் ஐஸ்லிப் ஊரிலிருந்து 3,000 டன்னுக்கும் அதிகமான குப்பையோடு புறப்பட்ட மோப்ரோ 4000 என்ற பார்ஜை வட கரோலைனா முதல் மெக்சிகோ, பெலீஸ் வரை எல்லாரும் விரட்டியடித்தார்கள். சுமார் 6,000 மைல் அலைந்து நியூயார்க்குக்கே திரும்பி, புரூக்ளின் எரிஉலையில் எரிந்து, சாம்பலாக ஐஸ்லிப்புக்கே போனது. மாதக்கணக்கில் தொலைக்காட்சிகளுக்கு நல்ல தீனி.

கொட்டகைகளுக்குள்ளும் வண்டிகளிலும் உழைத்தவர்களை நகரம் கவனித்ததில்லை. கவனித்தவர் ஒரு கலைஞர். மியேர்லே லேடர்மன் யூக்கலெஸ் 1977இல் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாத கலைஞராகச் சேர்ந்தார். 1979-80இல் சுமார் 8,500 துப்புரவுப் பணியாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, கைகுலுக்கி, நன்றி சொன்னார். அதுதான் அவருடைய கலைப்படைப்பு. 1984இல் 59ஆம் தெரு மாற்று நிலையத்தையே கண்காட்சிக் கூடமாக்கினார். குப்பைக் கொட்டகைக்குள் கலை பார்க்க வந்தவர்களில் பலர் தங்கள் குப்பை எங்கே போகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

1986-87இல் ஃப்ரெஷ் கில்ஸுக்கு வந்த குப்பை நாளொன்றுக்கு 29,000 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. மற்ற கிடங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட, 1991இல் குயின்ஸின் எட்ஜ்மியரும் மூடியபின் நகரத்துக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். மாநகராட்சியின் கடைசி எரிஉலையும் 1994இல் அணைந்தது. எங்கே போனாலும் எல்லா வழியும் ஸ்டேட்டன் ஐலண்டில் வந்து முடிந்தது. கிடங்குக்குப் பக்கத்தில் 1973இல் திறந்த வணிக வளாகத்தின் கார் நிறுத்தத்தில் இறங்குபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே கடைக்குள் ஓடுவார்கள். நீருக்கு அக்கரையில் நியூ ஜெர்சியின் வுட்பிரிட்ஜ் ஊர், பார்ஜிலிருந்து விழும் குப்பை எங்கள் கரையில் ஒதுங்குகிறது என்று 1979இல் நீதிமன்றம் போனது. தண்ணீரில் மிதவைத் தடுப்புகள் போட்டுப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் கிடங்கை மூடவைத்தது நாற்றமோ நீதிமன்றமோ அல்ல, வாக்குச்சீட்டுதான். பரோ எனப்படும் நகரத்தின் ஐந்து பெரும் பிரிவுகளில் மக்கள்தொகை மிகக் குறைந்தது ஸ்டேட்டன் ஐலண்ட். தங்கள் குரலுக்கு மதிப்பில்லை என்று கசந்துபோன மக்கள் 1993இல் நியூயார்க் நகரத்திலிருந்தே பிரிந்துபோக 65 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பிரிவினை மாநிலச் சட்டமன்றத்தில் முடங்கியது. ஆனால் அதே தேர்தலில் அவர்கள் வாக்கை அள்ளித்தான் ருடால்ஃப் ஜூலியானி மேயரானார். மாநில ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கியும் ஸ்டேட்டன் ஐலண்டின் பரோ தலைவர் கை மொலினாரியும் அவரைப்போலவே குடியரசுக் கட்சிக்காரர்கள். 1996இல் மூவரும் கைகோத்தார்கள். 2001 டிசம்பர் 31க்குப் பிறகு ஃப்ரெஷ் கில்ஸில் குப்பை கொட்டக்கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் தேதி இருந்தது. பதிலுக்குக் குப்பை எங்கே போகும் என்பது இல்லை.

ஏறக்குறைய ஐம்பதாண்டுக் காலமாக நீதிமன்றங்களும் ஒப்பந்தங்களும் செய்யாததை ஒரு தேதி செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேதி குறிக்காமல் போயிருந்தால் இன்றும் அங்கே கொட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் ஐந்தரை ஆண்டு அவகாசம் இருந்தது. பார்ஜ் கொட்டகைகளை மூடிய கன்டெய்னரில் அடைத்து அனுப்பும் நிலையங்களாக மாற்றியிருக்கலாம். மாநகராட்சி எளிய வழியைப் பிடித்தது: பரோ பரோவாகத் தனியாருக்கு ஒப்பந்தம். 1997இல் பிராங்க்ஸ் குப்பை முதலில் வெளியேறியது. பிறகு மற்றவை.

தனியார் மாற்று நிலையங்கள் நீர்க்கரைக் கொட்டகைகள் அல்ல. அவை தெருக்களுக்கு நடுவே நின்ற கட்டடங்கள். லாரி உள்ளே வந்து தரையில் கொட்டும். இயந்திரம் அள்ளி இன்னும் பெரிய டிரெய்லர் லாரியில் ஏற்றும். அது நெடுஞ்சாலை ஏறிப் பென்சில்வேனியாவுக்கோ வர்ஜீனியாவுக்கோ போகும். 1980களின் இறுதியில் ஃப்ரெஷ் கில்ஸில் தனியார் லாரிகளுக்கான கட்டணத்தை மாநகராட்சி உயர்த்தியபோது, கடைகளின் குப்பையை அள்ளும் நிறுவனங்களுக்காக முளைத்தவை இவை. தொழிற்சாலைப் பகுதி என்று வரையறுக்கப்பட்ட இடத்தில்தான் இவற்றுக்கு அனுமதி உண்டு. அத்தகைய இடங்கள் இருந்தது தெற்கு பிராங்க்ஸ், வடக்கு புரூக்ளின், தென்கிழக்கு குயின்ஸ் ஆகிய பகுதிகளில். அங்கே வசித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும், கையில் காசில்லாதவர்களும். நகரக் குப்பையில் முக்கால்வாசி இந்த மூன்று பகுதிகள் வழியாகப் போனது. ஒரு டன் குப்பை இரண்டு முறை அவர்கள் தெருவைக் கடந்தது, சின்ன லாரியில் வந்து பெரிய லாரியில் போனது. ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே பேர்போன தெற்கு பிராங்க்ஸில் டீசல் புகை இன்னும் கூடியது. ஸ்டேட்டன் ஐலண்டின் சுமை இறங்கியது என்று சொல்வதைவிட, தோள் மாறியது என்று சொல்வதே சரி.

வெளிமாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. 1999 ஜனவரியில் ஜூலியானி, உலகமே எங்கள் நகரத்தின் கலையையும் வணிகத்தையும் அனுபவிக்க வருகிறது, பதிலுக்குக் குப்பையை வாங்கிக்கொள்வது நியாயம்தான் என்ற தொனியில் பேசினார். வர்ஜீனியா ஆளுநர் ஜிம் கில்மோர் கொதித்துவிட்டார். வாஷிங்டனும் ஜெஃபர்சனும் பிறந்த மண் நியூயார்க்கின் குப்பைத்தொட்டி ஆகாது என்ற பொருளில் பதிலடி கொடுத்தார். கிடங்குகளின் அளவுக்கு வரம்பும் ஆறுகளில் குப்பைப் பார்ஜுக்குத் தடையும் விதித்து வர்ஜீனியா இயற்றிய சட்டத்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்கவில்லை. மாநிலங்களுக்கிடையே குப்பையும் ஒரு வணிகப் பொருள்தான், அதைத் தடுக்க முடியாது என்பது அமெரிக்கச் சட்டம். வேடிக்கை என்னவென்றால், ஆளுநர் கொதித்த அதே வர்ஜீனியாவில் சார்ல்ஸ் சிட்டி கவுன்டி என்ற ஏழை வட்டாரம் குப்பைக் கிடங்கின் கட்டணத்தைக் கொண்டுதான் புதுப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டது.

மூடிய ஆறே மாதத்தில் ஃப்ரெஷ் கில்ஸ் திரும்பத் திறந்தது. 2001 செப்டம்பர் 11இல் இடிந்த உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளை மேற்கு மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடிபாடுகளை நீர்வழியே கொண்டுவரப் பயன்பட்டவை பார்ஜ்கள்தான். போலீசாரும் எஃப்.பி.ஐ. ஆட்களும் பத்து மாதம் கைகளாலும் சல்லடைகளாலும் சலித்து, உடற்கூறுகளையும் உடைமைகளையும் தேடினார்கள். சலித்த மண் அங்கேயே தங்கியது. அதை வேறிடத்தில் முறையாக அடக்கம் செய்யக் கேட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் நடத்திய வழக்கு தோற்றது.

கிடங்கை மூடுவது என்பது கதவைப் பூட்டுவதல்ல. அந்த வேலை இன்னும் முடியவில்லை. நான்கு மேடுகளில் உயரமானது சுமார் 225 அடி. ஒவ்வொன்றின்மேலும் மண், வாயு வெளியேற ஓர் அடுக்கு, நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பு, நீர் வடிய ஓர் அடுக்கு, அதன்மேல் மறுபடி மண், கடைசியாகப் புல் என்று போர்த்தியிருக்கிறார்கள். அடியில் கசியும் கறுப்புச் சாற்றைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஆலை இருக்கிறது. மீத்தேனைச் சுத்தம் செய்து விற்க, அது 20,000க்கும் மேற்பட்ட வீடுகளின் அடுப்பிலும் கணப்பிலும் எரிந்தது. 2,200 ஏக்கரும் பூங்காவாக வேண்டும், சென்ட்ரல் பார்க்கைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நிலவடிவமைப்பாளர் ஜேம்ஸ் கார்னரின் நிறுவனம் திட்டம் வரைந்தது. 2012இல் நாணலை மேய ஆடுகளை வாடகைக்கு ஓட்டி வந்தார்கள். புல்வெளியில் அரிய சிட்டு வகைகள் கூடு கட்டுகின்றன. மேடுகளுக்கு நடுவே மக்களுக்கான முதல் பகுதி 2023 அக்டோபரில் திறந்தது. அளவு 21 ஏக்கர். மொத்தமும் முடிய 2036 என்று கணக்கு.

மாற்று நிலையங்களுக்கு வருவோம். 2002இல் மேயராக வந்த மைக்கேல் புளூம்பெர்க் எட்டையும் கன்டெய்னர் நிலையங்களாக மாற்றுவேன் என்றார். அந்த ஆண்டே வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழுந்து பிளாஸ்டிக், கண்ணாடி மறுசுழற்சியையே நிறுத்தி வைத்த நகரம் அது. செலவைப் பார்த்ததும் எட்டு நான்காயிற்று. 2006இல் நகரமன்றம் ஒப்புதல் கொடுத்த திட்டத்தின் சாரம் இரண்டே விஷயம்: லாரியைவிட ரயிலும் பார்ஜும் மேல், ஒவ்வொரு பரோவும் தன் குப்பையைத் தானே கையாள வேண்டும்.

இரண்டாவது விஷயம் மன்ஹாட்டனின் பணக்கார அப்பர் ஈஸ்ட் சைடை உசுப்பிவிட்டது. 91ஆம் தெருவின் பழைய கொட்டகை இருந்த இடம் இன்று ஆஸ்ஃபால்ட் கிரீன் விளையாட்டு மையத்தை ஒட்டியது. லாரிகள் ஏறும் சாய்தளம் குழந்தைகள் பந்து விளையாடும் மைதானத்தின் ஓரமாகப் போகிறது. குழந்தைகள் புகையைச் சுவாசிப்பார்கள் என்று வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். நிதி திரட்டி விளம்பரம் செய்தார்கள். கவலை பொய்யில்லை. ஆனால் பிராங்க்ஸிலிருந்தும் வடக்கு புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கிலிருந்தும் பதில் வந்தது: எங்கள் தெருவிலும் குழந்தைகள்தான் இருக்கிறார்கள், இத்தனை காலம் யாரும் வழக்குப் போடவில்லையே. புளூம்பெர்க் வசித்ததும் அப்பர் ஈஸ்ட் சைடில்தான்; அண்டை வீட்டார் கோபித்துக்கொண்டும் அவர் பின்வாங்கவில்லை. அவருடைய ஆட்சியில் பாராட்டத்தக்க காரியங்களில் இது ஒன்று.

குயின்ஸின் நார்த் ஷோர் நிலையம் 2015இல் திறந்தது. புரூக்ளினின் ஹாமில்டன் அவென்யூ 2017, சவுத்வெஸ்ட் புரூக்ளின் 2018, கடைசியாக 91ஆம் தெரு 2019. இங்கே லாரி கொட்டுவது மூடிய கூடத்துக்குள். குப்பையை அழுத்தி, கன்டெய்னரில் அடைத்து மூடி, பார்ஜில் ஏற்றி, ரயிலுக்கு மாற்றுகிறார்கள். 2018இல் நகரமன்றம் இயற்றிய சட்டம், பாரம் சுமந்த பகுதிகளில் தனியார் மாற்று நிலையங்களின் அனுமதி அளவைக் குறைத்தது. வடக்கு புரூக்ளினில் பாதியாக, தெற்கு பிராங்க்ஸிலும் தென்கிழக்கு குயின்ஸிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும்படி. ஸ்டேட்டன் ஐலண்டுக்கும் 2006இல் ஒரு மாற்று நிலையம் வந்தது. அது நிற்பது ஃப்ரெஷ் கில்ஸ் வளாகத்துக்குள்ளேதான். தீவின் குப்பை அங்கிருந்து ரயிலேறித் தென் கரோலைனாவின் லீ கவுன்டிக்குப் போகிறது.

எட்டில் மீதி நான்கும் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. அவற்றில் 59ஆம் தெரு கொட்டகையிலிருந்து பழைய காகிதம் மட்டும் பார்ஜில் ஸ்டேட்டன் ஐலண்ட் காகித ஆலைக்குப் போகிறது. மன்ஹாட்டனின் மேற்குப் பகுதிக் குப்பை லாரியிலேயே ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியின் நூவர்க் எரிஉலைக்குப் போகிறது. குப்பையை வெளியூருக்கு அனுப்ப மட்டும் நகரம் ஆண்டுதோறும் 40 கோடி டாலருக்குமேல் செலவழிக்கிறது. அந்தக் குப்பையில் ஒரு பங்கை வாங்கும், நியூயார்க் மாநிலத்தின் மிகப்பெரிய கிடங்கான செனெகா மெடோஸ் 2025 இறுதியில் மூடப்படுவதாக இருந்தது. அதை நடத்தும் நிறுவனம் 2040 வரை நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பித்தது.